தேநீரில் நனைத்த கடிதம்

தொடக்கக் கல்லூரியில் படித்தபோது நூலகத்திலிருந்து ஒரு தடிமனான சித்திரக்கதைப் புத்தகத்தை எடுத்து வந்தேன். பெயர் ‘தி ஆர்ட் ஆஃப் சார்லி சான் ஹோக் சாய்’. பாதிப் புத்தகம் முடிந்ததும் தோழியிடம் புலம்பினேன். “இவ்வளவு பெரிய ஓவியர் நம் ஊரில் இருந்திருக்கிறார். ஒருவர்கூட இவரைப் பற்றிச் சொன்னதில்லையே!”

தோழி சிரித்துவிட்டாள். சார்லி சான் என்று ஒருவர் பிறக்கவே இல்லை. அவரது பழைய காமிக்ஸ், கைப்பிரதிகள், கோட்டோவியங்கள் என்று நான் வியந்து பார்த்த அனைத்தும் சோனி லியூ என்பவரின் கைவண்ணம்.

கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் எப்படி ஏமாந்தேன் என்ற கேள்வி மட்டும் என்னை விடவில்லை. இப்போது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. இந்தப் பருவத்தில் அந்தக் கேள்வி என் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பிறகு வருகிறேன்.

லியூ 1974ல் மலேசியாவின் சிரம்பானில் பிறந்தவர். சிங்கப்பூரில் வளர்ந்து, கேம்பிரிட்ஜில் தத்துவமும் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் கலைக் கல்லூரியில் ஓவியமும் படித்தார். இந்தப் புத்தகம் 2015ல் வெளிவந்தது. தேசியக் கலை மன்றம் அதற்கு அளித்திருந்த 8,000 வெள்ளி மானியத்தை மீட்டுக்கொண்டது. நாட்டின் வரலாற்றைப் புத்தகம் சொல்லும் விதம் அரசாங்கத்தின் அதிகாரத்தையும் நம்பகத்தன்மையையும் குறைக்கக்கூடும் என்பது மன்றம் சொன்ன காரணம். மறு ஆண்டு அதே புத்தகம் சிங்கப்பூர் இலக்கியப் பரிசை வென்றது. 2017ல் அமெரிக்காவின் ஐஸ்னர் விருதுகளில் மூன்றைப் பெற்றது. பலரும் இந்தச் செய்தியோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு அதைவிடத் தாள்மீதுதான் ஆர்வம்.

ஆம், தாள். புத்தகத்தைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் தாள் மாறுகிறது. அதாவது, மாறுவதுபோல் தெரிகிறது. ஓரம் பழுத்த மலிவுத்தாள், பென்சில் கோடுகள் அழியாத வரைவு, தூரிகையால் தீட்டிய உருவப்படம். பழைய காமிக்ஸ் பக்கங்களில் வண்ணம் சின்னச் சின்னப் புள்ளிகளாக இருக்கும். சில மைகளைப் புள்ளிகளாக ஒன்றன்மேல் ஒன்று பதித்துத்தான் அந்தக் கால அச்சகங்கள் எல்லா நிறங்களையும் உண்டாக்கின. தாள் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் சிவப்பு உதட்டைவிட்டு வெளியே வழிந்துவிடும். அச்சகத்தில் தற்செயலாக நடந்த அந்தப் பிழையை லியூ வேண்டுமென்றே செய்திருக்கிறார். நம் கண் அதை ‘பழசு’ என்று படிக்கிறது. பழசு என்றால் உண்மை என்று மனம் தானாகவே சேர்த்துக்கொள்கிறது.

இதைவிடக் கடினமான வேலை ஒன்று உண்டு. சார்லி பதின்ம வயதில் வரையத் தொடங்கி, முதியவராகும்வரை வரைகிறார். அவர் கை ஒவ்வொரு பத்தாண்டிலும் மாற வேண்டும். தொடக்கத்தில் ஜப்பானிய ஓவியர் ஒசாமு தெசுகாவின் சாயல். பிறகு பிரிட்டிஷ் சிறுவர் இதழ்களில் வந்த விண்வெளிக் கதைகளின் சாயல். அடுத்து, விலங்குகளை வைத்து அரசியல் பேசிய அமெரிக்கர் வால்ட் கெல்லியின் சாயல். அந்த வரிசையில் லீ குவான் இயூ சருகுமானாக வருவார். நன்றாக வரையத் தெரிந்த ஒருவர் இன்னும் தேறாத ஒரு பையனின் கையால் வரைவது எவ்வளவு சிரமம்! நான் முயன்று பார்த்தேன். என் படங்கள் வெறுமனே மோசமாக வந்தன. ஒரு சிறுவன் வரைந்ததுபோல் வரவில்லை.

எனக்கு மிகப் பிடித்தது ‘அஹ் ஹுவாட்டின் ராட்சத இயந்திரன்’ பகுதி. ஒரு சிறுவனுக்குப் பெரிய இயந்திர மனிதன் கிடைக்கிறான். ஆங்கிலத்தில் ஆணையிட்டால் அசைய மாட்டான். சீன மொழியில் சொன்னால்தான் நகர்வான். 1954ல் சீனப் பள்ளி மாணவர்கள் நடத்திய போராட்டம் அந்தக் கதைக்குப் பின்னணி. ஆங்கிலத்தில் யோசித்துவிட்டுத் தமிழ் வகுப்பில் வார்த்தை தேடித் தடுமாறிய எனக்கு, அந்த இயந்திரன்மீது ஒரு பாசமே வந்துவிட்டது.

இனி என் வீட்டுக் கதை. இந்தப் பருவத்தில் குடும்ப வரலாற்றை ஆறு பக்கச் சித்திரக்கதையாக ஒப்படைக்க வேண்டியிருந்தது. தாத்தா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். 1971ல் பிரிட்டிஷார் வெளியேறியபோது என்ன ஆனது, அடுத்த வேலை எப்படிக் கிடைத்தது என்று கேட்க அவர் இன்று இல்லை. அவர் பாட்டிக்கு எழுதிய கடிதங்கள் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருந்தனவாம். வீவக வீட்டுக்கு மாறும்போது குப்பையோடு போய்விட்டன. எஞ்சியது ஒரே ஒரு புகைப்படமும் அதன் பின்னால் அவர் போட்ட கையெழுத்தும்தான்.

லியூவை நினைத்துக்கொண்டு நானே ஒரு கடிதம் தயாரித்தேன். வெள்ளைத்தாளைக் கெட்டியான தேநீரில் ஊறவைத்து, முடி உலர்த்தியால் காயவைத்து, நான்காக மடித்து, மடிப்பைத் தேய்த்தேன். மைப்பேனாவால் தமிழில் எழுதினேன். கையெழுத்தைப் புகைப்படத்தைப் பார்த்து ஏழெட்டு முறை எழுதிப் பழகினேன். மூன்றாம் பக்கத்தில் ஒட்டியதும் பக்கத்துக்கே உயிர் வந்ததுபோல் இருந்தது. பெருமையாகவும் இருந்தது.

அதைப் பாட்டி பார்த்துவிட்டார். மேசையில் காய்ந்துகொண்டிருந்த பக்கத்தை எடுத்து, கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, நின்றபடியே படித்தார்.

“இது எங்கடா கிடைச்சுது?”

அந்தக் குரலை என்னால் மறக்க முடியாது. தொலைந்த டின் கிடைத்துவிட்டது என்றே நினைத்துவிட்டார். நான்தான் எழுதினேன் என்று சொல்ல எனக்குச் சற்று நேரம் பிடித்தது. பாட்டி எதுவும் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டார்.

அன்றிரவு லியூவின் புத்தகத்தை மறுபடி எடுத்தேன். பின்பக்கங்களில் குறிப்புகள் இருக்கின்றன. எந்தக் காட்சிக்குப் பின்னால் எந்த உண்மை நிகழ்வு இருக்கிறது என்று அவர் அங்கே சொல்லியிருக்கிறார். முதல்முறை அவற்றை நான் புரட்டக்கூட இல்லை. சார்லி வரைந்ததாகச் சொல்லப்படும் காமிக்ஸ் எல்லாம் கற்பனை. அவை பேசும் 1950களின் போராட்டங்களும் லிம் சின் சியோங் சிறைப்பட்டதும் நடந்தவை. இரண்டையும் ஒட்டிவிட்டு, ஒட்டிய இடத்தை எங்கே தேடலாம் என்றும் அவர் காட்டிவிடுகிறார். நானோ ஒட்டிய தடமே தெரியக்கூடாது என்று பாடுபட்டிருந்தேன். அதுவும் அந்தக் கடிதங்களை இழந்தவரின் வீட்டிலேயே.

கடிதத்தைப் பிய்த்துவிடலாம் என்று காலையில் மேசைக்குப் போனேன். பாட்டி எனக்கு முன்பே அங்கே இருந்தார்.

“உங்க தாத்தா ‘அன்புள்ள’ன்னு எல்லாம் எழுத மாட்டாரு. ‘சௌபாக்கியவதி’ன்னுதான் ஆரம்பிப்பாரு. அப்புறம், பணம் எவ்வளவு அனுப்புறேன்னு முதல் வரியிலயே போட்டுடுவாரு. மத்ததெல்லாம் அதுக்குப் பின்னாடிதான்.”

பேனாவைக் கொடுத்தேன். நீல மையில் என் ‘அன்புள்ள’வை அடித்துவிட்டு, மேலே சரியான சொல்லை எழுதினார். நான் இலக்கிய நடையில் எழுதியிருந்த இரண்டு வரிகளுக்குப் பக்கத்தில் ‘இப்படிப் பேசமாட்டார்’ என்று குறித்தார். ஓரத்தில் தமக்கு நினைவிருந்த ஒரு விஷயத்தைச் சேர்த்தார்: தளத்தின் வேலை போகப்போகிறது என்று தெரிந்தபிறகு தாத்தா வீட்டில் இரண்டு நாள் சாப்பிடவில்லையாம். என் அப்பாவுக்கே அது தெரியாது.

மற்ற பக்கங்களையும் மாற்றினேன். தாத்தாவின் பேச்சுக் குமிழிகள் முதலில் ஆங்கிலத்தில் இருந்தன, தமிழாக்கினேன். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, குமிழிக்குள் அடங்குவதில்லை. ‘வேலையிலிருந்து’ என்ற ஒரே சொல்லுக்காக ஒரு முகத்தைப் பாதியாக வெட்ட வேண்டியதாயிற்று.

தேநீர்க் கறையும் கள்ளக் கையெழுத்தும் பாட்டியின் நீல மைத் திருத்தங்களும் சேர்ந்த மூன்றாம் பக்கத்தை அப்படியே ஒப்படைத்தேன். கடிதத்தை எழுதியது யார், திருத்தியது யார் என்று கீழே ஒரு வரி சேர்த்தேன். மதிப்பெண் இன்னும் வரவில்லை. பாட்டிக்கு வேறு கவலை. ஐந்தாம் பக்கத்தில் தாத்தாவின் மூக்கு இவ்வளவு பெரிதாக இருக்காதாம். அடுத்த வாரத்துக்குள் மாற்றித் தர வேண்டும் என்று கெடு வைத்திருக்கிறார்.