ஒருமுறைதான் ஒலிக்கும்: காதைத் தீட்டிக்கொள்ள வேண்டிய தேர்வு

மும்பை ஆஸ்பத்திரிகளில் பணிபுரியும் தமிழ் நர்சுகளில் பலருக்கு இங்கிலாந்து வேலை நெடுநாள் ஆசை. சர்டிபிகேட் இருக்கிறது, அனுபவம் இருக்கிறது, டாக்டரின் கிறுக்கல் கையெழுத்தைக்கூடத் தடையில்லாமல் படித்துவிடுகிறார்கள். ஆனால் அந்நாட்டு நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ய, ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வில் கேட்டல், வாசித்தல், பேசுதல் மூன்றிலும் 7 புள்ளி வாங்கியாக வேண்டும். எழுதுதலுக்கு மட்டும் 6.5 போதும். கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் படிக்கப் போகும் குமாஸ்தா வீட்டுப் பிள்ளைகளில் பலரும் இதே தேர்வைத்தான் எழுதுகிறார்கள். நான்கு பகுதிகளில் கேட்டல்தான் சுலபம் என்று எண்ணி, மற்றவற்றுக்கே விழுந்து விழுந்து படித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. ஹெட்போனைக் கழற்றும்போதுதான் விஷயம் புரிகிறது.

மொத்தம் 40 கேள்விகள். ஏறத்தாழ அரை மணி நேரம். முதலில் அறை எடுப்பது, வகுப்பில் சேருவது போன்ற இருவர் பேச்சு. அடுத்து ஒருவரே பேசும் தகவல். மூன்றாவது, மாணவர்களும் ஆசிரியரும் கலந்து பேசுவது. கடைசியில் ஒரு கல்லூரிச் சொற்பொழிவு. எதுவும் இரண்டாம் முறை ஒலிக்காது. சுமார் 30 விடை சரியாக இருந்தால்தான் 7 புள்ளி. வினாத்தாளைப் பொறுத்து இது சிறிது மாறும். அதாவது ஒரே ஒரு எழுத்துப் பிழை 7-ஐ 6.5 ஆக்கிவிடலாம். மறுபடி எழுதக் கட்டணம் 15,000 ரூபாய்க்கும் மேல். சிறு நர்சிங் ஹோம்களில் வேலை பார்ப்பவருக்கு இது எவ்வளவு பெரிய தொகை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நன்றாகப் படிக்கத் தெரிந்தவர் கேட்கும்போது ஏன் தடுமாறுகிறார்? நம்மவர்களுக்கு ஆங்கிலம் கண் வழியாக வந்த மொழி. பள்ளிப் பாடமும் ஆபீஸ் பைலும் கற்றுக் கொடுத்தது. தமிழில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று ஒவ்வோர் எழுத்துக்கும் அதற்குரிய பங்கு கிடைத்துவிடும். ஆங்கிலேயர் பேச்சில் அந்த நியாயம் கிடையாது. ஒரு சொல்லில் ஓரிடத்தை அழுத்திவிட்டு மற்றதை விழுங்கிவிடுவார்கள். 'கப் ஆஃப் டீ' என்று நாம் படித்தது அவர்கள் வாயில் 'கப்பட்டீ' ஆகிறது. 'பிரெட் அண்ட் பட்டர்' என்பதில் 'அண்ட்' இருக்கும் இடமே தெரியாது. 'கோர்ட்' என்று ஆயுள் முழுவதும் சொல்லிப் பழகிய காதுக்கு, லண்டன்காரர் 'ர்' இல்லாமல் 'கோட்' என்று நீட்டினால் என்ன புரியும்?

இதற்காக மனம் தளர வேண்டியதில்லை. திருநெல்வேலியிலிருந்து தாராவிக்கு வந்து இறங்கியவர் எந்த இலக்கணப் புத்தகத்தைப் பிரித்து இந்தி கற்றார்? காய்கறிக் கடையிலும் லோக்கல் ரயிலிலும் தினம் காதில் விழுந்ததுதான். புரியாததை விட்டார், புரிந்ததைப் பிடித்துக்கொண்டார். ஆறு மாதத்தில் பேரம் பேசும் அளவுக்கு வந்துவிட்டார். ஆங்கிலத்துக்கும் அதே வழிதான்.

பயிற்சிக்கு ஸ்டேஷனே நல்ல பள்ளிக்கூடம். மும்பை லோக்கல் அறிவிப்பு மராத்தி, இந்தி, ஆங்கிலம் என்று மூன்று மொழியிலும் வருகிறது. இண்டிகேட்டருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, ஆங்கில அறிவிப்பில் மட்டும் கவனம் வைத்து, வண்டி எந்த ஊருக்கு, பாஸ்ட்டா ஸ்லோவா, எத்தனை மணிக்கு, எந்தப் பிளாட்பாரம் என்று மனதில் குறித்துக்கொள்ளலாம். பிறகு திரும்பி இண்டிகேட்டரைப் பார்த்தால் விடைத்தாள் தயாராக இருக்கும். காசு செலவில்லை. ஆனால் அது நம் நாட்டு உச்சரிப்பு. வெள்ளைக்காரர் குரலுக்கு வேறு வழி தேட வேண்டும்.

கிரிக்கெட் அறிந்தவர்களுக்கு அந்த வழியும் புதிதல்ல. டீக்கடை டிரான்சிஸ்டரைச் சுற்றி நின்று ஆங்கில வர்ணனை கேட்ட காலத்தில் எத்தனை பேர் பட்டதாரிகள்? ஸ்கோர் தெரியும், ஆட்டம் தெரியும்; அடுத்து என்ன சொல்லப் போகிறார் என்பதைக் காது முன்கூட்டியே எதிர்பார்த்தது. 2015-இல் காலமான ஆஸ்திரேலியர் ரிச்சி பெனோவின் குரல் டெலிவிஷனில் நம்மவர்களுக்குப் பழகிப் போனதும் அப்படித்தான். தேர்விலும் ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் கேள்விகளைப் படிக்கச் சிறிது அவகாசம் உண்டு. கோடிட்ட இடத்தில் வர வேண்டியது எண்ணா, பெயரா, இடமா, கிழமையா என்று அதற்குள் ஊகித்து வைத்துக்கொள்பவருக்குப் பாதி வேலை முடிந்தது. விடைகள் பெரும்பாலும் கேள்வி வரிசைப்படியே வரும்.

எண்களும் எழுத்துகளும்தான் நம்மவர்களை அதிகம் ஏமாற்றுபவை. 'தர்ட்டீன்' என்றால் அழுத்தம் வாலில். 'தர்ட்டி' என்றால் தலையில். டெலிபோன் நம்பரில் 44-ஐ 'டபுள் போர்' என்பார்கள். பூஜ்யத்தை 'ஓ' என்பார்கள். பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லும்போது ஆஸ்திரேலியர் சொல்லும் 'ஏ' நம் காதில் 'ஐ' போல விழும். அமெரிக்கர் கடைசி எழுத்தை 'ஸீ' என்பதால் அது மூன்றாம் எழுத்தோ என்று மயங்கச் செய்யும். தமிழ் எழுத்தில் 'பி'க்கும் அதன் வல்லின ஜோடிக்கும் ஒரே 'ப' என்பதால், இவ்விரண்டையும் பிரித்துக் கேட்கத் தனியே பழக வேண்டும்.

இன்னொரு பொறி: பேசுபவர் 'செவ்வாய்க்கிழமை வருகிறேன்' என்பார். நாம் எழுதி முடிப்பதற்குள், 'இல்லை, அன்று வேறு வேலை, வியாழன் வைத்துக்கொள்ளலாம்' என்று மாற்றிவிடுவார். முதல் கிழமையை எழுதியவருக்குப் பூஜ்யம். இரண்டு சொல்லுக்கு மேல் கூடாது என்ற இடத்தில் மூன்று எழுதினாலும் பூஜ்யம். பன்மையைக் காட்டும் 's' விட்டுப் போனாலும் அப்படியே. தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. ஆகவே எந்த இடத்தையும் வெறுமையாக விடக் கூடாது. ஒன்று நழுவிவிட்டால் அதை எண்ணி வருந்திக்கொண்டிருக்கவும் கூடாது. போன வண்டியைப் பார்த்துக்கொண்டு நிற்பவன் அடுத்ததையும் தவறவிடுவான்.

வீட்டில் செய்யக்கூடிய பயிற்சிகளில் பழைய டிக்டேஷனுக்கு இணை இல்லை. ஒரு நிமிடப் பேச்சை ஓட விட்டு, காதில் விழுந்ததை அப்படியே எழுத வேண்டும். பிறகு அச்சிட்ட வாசகத்தோடு ஒப்பிட்டு, விட்டுப்போன சொற்களைச் சிவப்பு மையில் குறித்து, அந்த இடத்தை மட்டும் மறுபடி மறுபடி கேட்க வேண்டும். பி.பி.சி.யின் 'சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்' நிகழ்ச்சி வாசகத்தோடு இலவசமாகக் கிடைக்கிறது. கேம்பிரிட்ஜ் வெளியிடும் மாதிரித் தேர்வுப் புத்தகங்களின் பின்பக்கத்திலும் ஒலிப்பதிவின் முழு வாசகம் உண்டு. ஆங்கிலப் படத்தை அடியில் எழுத்தோடு பார்ப்பதைப் பயிற்சி என்று சொல்லிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அதில் வேலை செய்வது கண், காதல்ல. ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு 'பத்தே நாளில் 8 புள்ளி' என்று போர்டு மாட்டும் இடங்களைப் பற்றி, தினம் அரை மணி நேரம் கேட்காத காது பத்து நாளில் பழகாது என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நர்சுகளுக்கு ஓ.இ.டி. என்ற வேறொரு தேர்வும் ஏற்கப்படுகிறது. அதில் நோயாளியோடு நடக்கும் பேச்சு, வார்டு உரையாடல் என்று தொழில் சார்ந்தவையே ஒலிக்கும். 42 கேள்விகள், அங்கேயும் ஒருமுறைதான். வார்டிலேயே காலம் கழித்தவர்களுக்கு இது கைவந்த விஷயமாக இருக்கக்கூடும். இரண்டின் மாதிரித் தாளையும் ஒருமுறை செய்து பார்த்துவிட்டுப் பணம் கட்டுவது நல்லது.

ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் கேட்டல், வாசித்தல், எழுதுதல் மூன்றும் இடைவெளியின்றி ஒரே அமர்வில் நடக்கும். வழக்கமாகக் கேட்டல்தான் முதலில். கணினியில் எழுதுபவருக்குக் கடைசியில் விடைகளைச் சரிபார்க்க 2 நிமிடம் மட்டுமே. காகிதத் தேர்வுக்குரிய 10 நிமிடம் இதில் கிடையாது. நைட் டியூட்டி முடித்து கல்யாண் வண்டியில் நின்றுகொண்டே வந்து நேராகத் தேர்வில் உட்காருவதைவிட, வார விடுமுறைக்கு அடுத்த நாளாகப் பார்த்துத் தேதி வாங்கிக்கொள்ளலாம். உட்கார்ந்ததும் ஹெட்போனில் சத்தம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். குறை இருந்தால் ஒலிப்பதிவு ஓடத் தொடங்குவதற்கு முன்பே கையைத் தூக்கிவிட வேண்டும்.