வெளியே நிற்கும் நகலுக்கும் நீங்களே பொறுப்பு

பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருப்பவருக்கும் இன்று இணையதளம் வேண்டியிருக்கிறது. ரத்தப் பரிசோதனை நிலையங்கள் ரிப்போர்ட்டை இணையத்தில் தருகின்றன. ஆள் எடுக்கும் ஒப்பந்தக்காரர்கள் ஆதார் நகலை இணையத்திலேயே வாங்குகிறார்கள். தளம் மெதுவாகத் திறக்கிறது என்றால், அதைச் செய்துகொடுத்தவர் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "ஒரு சிடிஎன் போட்டுடலாம் சார்." போட வேண்டியதுதான். ஆனால் போட்ட பிறகு வாடிக்கையாளரின் தகவல் எந்தெந்த ஊரில் நகலாக நிற்கும் என்று முதலாளி கேட்பதில்லை, செய்துகொடுத்தவரும் சொல்வதில்லை. பிரச்சினை வந்தால் சட்டம் முதலில் கேட்பது முதலாளியைத்தான்.

சிடிஎன் என்ன செய்கிறது? உங்கள் தளம் இருக்கும் மூல சர்வர் அமெரிக்காவில் வர்ஜீனியாவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். பெங்களூரிலிருந்து ஒருமுறை போய்த் திரும்ப 200 மில்லி நொடிக்கு மேல் ஆகும். பாதுகாப்பான பக்கம் ஒன்று திறப்பதற்கு இப்படி இரண்டு மூன்று முறை போய்வர வேண்டும். சிடிஎன் நிறுவனம் மும்பை, சென்னை, பெங்களூரு என்று பல ஊர்களில் சர்வர் வைத்திருக்கும். முதல் ஆள் கேட்கும்போது மூல சர்வரிலிருந்து பக்கத்தை வாங்கிக் கொடுத்துவிட்டு, ஒரு நகலைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். அடுத்து கேட்பவருக்கு அந்த நகலே போகும். இதைத்தான் கேச் என்கிறார்கள்.

எம்ஐடி பேராசிரியர் டாம் லெய்டனும் அவருடைய மாணவர் டேனியல் லெவினும் 1998-இல் தொடங்கிய அகமாய் இத்துறையின் முன்னோடி. 2023 உலகக் கோப்பை கிரிக்கெட் இறுதிப் போட்டியை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடி பேர் பார்த்தார்கள். ஒரே இடத்து சர்வர் அத்தனை பேருக்குப் படம் அனுப்ப முடியாது.

பயன் இருக்கும் இதே இடத்தில்தான் ஆபத்தும் இருக்கிறது. எல்லோருக்கும் பொதுவான பக்கத்தின் நகலை வைத்தால் வேகம் கிடைக்கிறது. ஒருவருக்கு மட்டும் உரிய பக்கத்தின் நகல் தங்கிவிட்டால், அது அடுத்தவர் கைக்குப் போகிறது. 2015 டிசம்பர் 25 அன்று ஸ்டீம் என்ற கணினி விளையாட்டுக் கடைக்கு இதுதான் நேர்ந்தது. தாக்குதலால் தளம் திணறியபோது கேச் அமைப்பை அவசரமாக மாற்றினார்கள். ஒருவர் கணக்கைத் திறந்தால் இன்னொருவரின் மின்னஞ்சல், பில் முகவரி, வாங்கிய பொருள்களின் பட்டியல் என்று தெரிந்தது. சுமார் 34,000 பேர் பாதிக்கப்பட்டார்கள். யாரும் பூட்டை உடைத்து உள்ளே வரவில்லை. ஓர் அமைப்புப் பிழைதான் காரணம். விளையாட்டுக் கடையில் நடந்தது பரிசோதனை நிலையத்தில் நடந்தால், ஒருவரின் ரிப்போர்ட்டை இன்னொருவர் படிப்பார்.

ஆகவே தளத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் பார்த்துக் கேளுங்கள்: இதைத் தொழிற்சாலை வாசல் நோட்டீஸ் போர்டில் ஒட்டுவேனா? லோகோ, இயந்திரங்களின் படம், விலைப்பட்டியல் என்றால் ஒட்டலாம், நகலும் வைக்கலாம். லாகின் செய்த பிறகு வரும் எதற்கும், ரிப்போர்ட், பில், விண்ணப்பம் எதற்கும், மூல சர்வரே 'நோ-ஸ்டோர்' என்ற கட்டளையைச் சேர்த்து அனுப்ப வேண்டும். சோதித்துப் பார்ப்பதற்குப் பொறியியல் பட்டம் வேண்டாம். ஒரு போனில் லாகின் செய்து உங்கள் கணக்குப் பக்கத்தைத் திறங்கள். அதே முகவரியை லாகின் செய்யாத இன்னொரு போனில் திறங்கள். பெயர் தெரிந்தால் ஓட்டை இருக்கிறது. முகவரியின் கடைசியில் இல்லாத ஒரு படத்தின் பெயரைச் சேர்த்தும் இதேபோல் பாருங்கள். 'இது படம்' என்று ஏமாந்து சிடிஎன், கணக்குப் பக்கத்தையே சேமித்துவிடக்கூடும் என்பதை 2017-இல் ஓமர் கில் என்ற ஆய்வாளர் காட்டினார்.

இன்னொன்று, முகவரிப் பட்டையில் தெரியும் பூட்டு. பார்ப்பவரின் போனுக்கும் சிடிஎன்னுக்கும் நடுவே தகவல் பாதுகாப்பாகப் போகிறது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. சிடிஎன்னிலிருந்து உங்கள் சர்வர் வரை மறையாக்கம் இல்லாமலே போகும்படி அமைக்க முடியும். கிளவுட்ஃபிளேர் என்ற சிடிஎன் நிறுவனத்தில் அந்த அமைப்புக்கு 'ஃபிளெக்ஸிபிள்' என்று பெயர். வேலை சீக்கிரம் முடிகிறது என்று சிலர் அப்படியே விட்டுப்போகிறார்கள். 'ஃபுல் ஸ்ட்ரிக்ட்' ஆக்கித் தரச் சொல்லுங்கள்.

பிறர் சர்வரிலிருந்து நிரல் துண்டுகளை இழுக்கும் வழக்கமும் அபாயம்தான். பாலிஃபில் என்ற சேவையின் டொமைன் 2024 பிப்ரவரியில் ஃபன்னல் என்ற நிறுவனத்தின் கைக்கு மாறியது. ஜூன் மாதம், அதை நம்பி இழுத்துக்கொண்டிருந்த 1 லட்சத்துக்கும் அதிகமான தளங்களின் வழியாகத் தீய நிரல் போனது தெரியவந்தது. அத்தகைய துண்டுகளைச் சொந்த இடத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

பணத்தைப் பொறுத்தவரை, அளந்து கட்டும் திட்டத்தில் யாராவது வேண்டுமென்றே உங்கள் பெரிய வீடியோவைத் திரும்பத் திரும்ப இறக்கினாலும் பில் உங்களுக்கே வரும். வரம்பு எச்சரிக்கையை முதல் நாளே போட்டுவிடுங்கள். சிடிஎன்னே படுத்துவிடுவதும் உண்டு. 2021 ஜூன் 8-இல் ஃபாஸ்ட்லியும் 2025 நவம்பர் 18-இல் கிளவுட்ஃபிளேரும் முடங்கி, உலகின் பெரிய தளங்களையும் சேர்த்து முடக்கின. டொமைன் கணக்கு உங்கள் கையில் இருந்தால் அப்போது வேறு வழிக்கு மாறலாம். பல சிறு தொழில்களில் டொமைனும் சிடிஎன் கணக்கும் தளம் செய்தவரின் மின்னஞ்சலில்தான் இருக்கின்றன. அவரோடு உரசல் வந்தால் கடை வாசலே அவர் கையில். இரண்டையும் இன்றே உங்கள் பெயருக்கு மாற்றி, ஓடிபி பூட்டும் போடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் பிறப்பித்த உத்தரவின்படி, தகவல் கசிவு போன்ற சம்பவத்தை அறிந்த 6 மணி நேரத்துக்குள் அதனிடம் தெரிவிக்க வேண்டும். 180 நாள் பதிவேடுகளையும் வைத்திருக்க வேண்டும். நீங்கள் எடுக்கும் சிடிஎன் திட்டம் பதிவேடு தருமா என்று வாங்கும்போதே கேளுங்கள். 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, வேலையை யாரிடம் ஒப்படைத்திருந்தாலும் பொறுப்பு தகவலை வாங்கியவருக்கே என்கிறது. பாதுகாப்பில் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வரும்.

தகவலைக் கொடுத்தவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த அபராதம் அரசுக் கருவூலத்துக்குப் போகும், பாதிக்கப்பட்டவருக்கு ஒரு ரூபாயும் வராது. உடல்நிலை, வங்கி விவரம் போன்றவற்றை அலட்சியமாகக் கையாண்ட நிறுவனத்திடம் நஷ்டஈடு கேட்க இன்று இருக்கும் வழி தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு. தனி உரிமையாளரின் கடையும் அதில் அடங்கும். 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கையை மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலரே விசாரிப்பார், நீதிமன்றம் போக வேண்டாம். புதிய சட்டம் முழுமையாக வரும்போது இந்தப் பிரிவு நீக்கப்படும். இது நியாயமில்லை. ரிப்போர்ட் வெளியானதால் வேலை போனவருக்கு அரசின் கருவூலம் நிறைவதால் என்ன பயன்?

கசிந்த தகவலை வைத்து யாராவது பணத்தைச் சுருட்டியிருந்தால் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு உடனே அழையுங்கள். பணம் மேலும் கைமாறும் முன் நிறுத்த அதுவே வழி. திரையில் தெரிந்ததைத் தேதி, நேரம், முகவரியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கேச் அழிந்தால் சாட்சியும் அழிந்துவிடும். ஒசூரில் குடியிருந்து அத்திப்பள்ளி தாண்டி பொம்மசந்திராவுக்கு வேலைக்கு வருகிறவர்களுக்கு, எந்த மாநிலப் போலீஸ் என்ற குழப்பம் வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவுப்படி, இத்தகைய மோசடி எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். ஒசூரில் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும். பதிவான தகவலின் நகலை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள்.