ஈறுகள் புகட்டும் பாடம்

பூண்டுலோயாவிலுள்ள டன்சினன், ஹரோ ஆகிய தேயிலைத் தோட்டங்களில் 1970ஆம் ஆண்டு 480 ஆண் தொழிலாளரின் வாய்நலத்தைப் பேராசிரியர் ஹரால்ட் லோ குழுவினர் ஆராயத் தொடங்கினர். அத்தொழிலாளர் பல் துலக்கும் வழக்கமற்றவர்கள். பதினைந்து ஆண்டுகளில் கண்டது யாது? பற்சொத்தை மிக அரிது. ஆயினும் நூற்றுக்கு ஏறத்தாழ 89 பேரிடம் ஈறு நோய் முற்றியது. அவருள் 8 பேரிடம் அது விரைந்து பெருகிப் பற்களையே பறித்தது. தப்பியோர் 11 பேரே.

பற்களிற் படியும் கிருமிப் படலம் ஈற்றைப் புண்ணாக்கி, பல்லைத் தாங்கும் எலும்பையும் கரைத்துவிடுகிறது. வலி தோன்றாமையால் பலர் இதனை உணர்வதில்லை.

ஆதலால் அன்பர்களே, காலையிலும் உறங்குமுன்னும் ஈற்றோரம் வரை மென்மையாகத் துலக்குங்கள். பாக்கும் புகையிலையும் வாய்ப்புற்றுக்கு வித்திடுவன, அவற்றை விலக்குங்கள். ஈற்றில் குருதி கசிந்தால் துலக்குவதை நிறுத்தாது பல் வைத்தியரை நாடுங்கள். ஒரு சில நிமிடப் பழக்கம் முதுமை வரை சோறு மெல்லும் பேற்றைத் தரும்.