‘நான்’ என்றால் யார்?

உங்கள் வகுப்பாசிரியர் தலைமையாசிரியருக்கு ஒரு சீட்டு எழுதி அனுப்புகிறார். ‘நான் பத்து நிமிடத்தில் வருகிறேன்’ என்று அதில் இருக்கிறது. இந்த ‘நான்’ யார்? சீட்டா? இல்லை, அதை எழுதிய ஆசிரியர். சீட்டுக்குப் பதிலாக ஒரு மாணவனை அனுப்பினால்? அவன் பெயரை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் அவன் ‘நான்’ என்றால் அது அவனையேதான் குறிக்கும்.

கைப்பேசிச் செயலிகளை எழுதுவோர் இந்த வேறுபாட்டை மறந்தால் தடுமாறிப் போவார்கள். எப்படி என்று பார்ப்போமா?

ஆண்ட்ராய்டு செயலிகளை எழுதப் பயன்படும் ஜாவா, கோட்லின் மொழிகளில் ‘நான்’ என்பதற்கு ‘திஸ்’ என்று ஒரு சொல் உண்டு. ஒரு வேலையைப் பிறகு செய்யும்படி ஒப்படைக்க அங்கே இரு வழிகள் உள்ளன. ஒன்று லாம்டா. 1930களில் அலோன்சோ சர்ச் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் சார்புகளைக் குறிக்கக் கையாண்ட கிரேக்க எழுத்தின் பெயர் இது. ஜாவாவில் லாம்டா 2014-இல் சேர்ந்தது. மற்றொன்று பெயரில்லாப் பொருள்.

லாம்டா அந்தச் சீட்டைப் போன்றது. சாதாரண லாம்டாவினுள் ‘திஸ்’ என்றால், அதைச் சூழ்ந்துள்ள பொருள் என்றே அர்த்தம். பெயரில்லாப் பொருளோ அந்த மாணவனைப் போன்றது. அங்கே ‘திஸ்’ அதையே குறிக்கும்.

ஒரு வினாடி வினாச் செயலியை எண்ணிப் பாருங்கள். திரையில் நேரம் விநாடிக்கு ஒன்றாகக் குறைய வேண்டும். இதற்கு ‘ஹேண்ட்லர்’ என்ற காரியஸ்தர் இருக்கிறார். எண்ணைக் குறைத்ததும், ‘1000 மில்லி விநாடி கழித்து என்னை மறுபடி கூப்பிடு’ என்று அவரிடம் சொல்ல வேண்டும். பெயரில்லாப் பொருள் ‘திஸ்’ என்று தன்னையே ஒப்படைக்கும், கடிகாரம் ஓடும். லாம்டாவில் அப்படியே எழுதினால் ஒப்படைக்கப்படுவது திரை! அது ‘ரன்னபிள்’, அதாவது ஓடக்கூடிய வேலை, அல்ல. ஆகவே நிரலைச் சரிபார்க்கும் கம்பைலர், ‘வகை பொருந்தவில்லை’ என்று தடுத்துவிடும்.

தடுத்தால் நல்லதுதான். ஆனால் திரையையும் ‘ரன்னபிள்’ வகையாக எழுதியிருந்தால்? கம்பைலர் வாய் திறக்காது. ஒரு விநாடி கழித்து வேறு ஏதோ வேலை நடக்கும், கடிகாரம் நின்றுபோகும். தவறு எங்கே என்று நீங்கள் தேடித் தேடி அலுத்துப் போவீர்கள்!

ஆகவே ஒரு வேலை தன்னைத்தானே சுட்ட வேண்டுமானால் பெயரில்லாப் பொருளாக எழுதுங்கள். அதனுள்ளிருந்து திரையைச் சுட்ட வேண்டுமானால், ‘திஸ்’ஸுடன் திரையின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். தன்னைச் சுட்டத் தேவையே இல்லாத வேலைக்கு லாம்டாவே சுருக்கம்.

‘திஸ்’ என்று எழுதும்போதெல்லாம் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இங்கே பேசுவது சீட்டா, மாணவனா?