நாக்குப் படம் போட்ட பனியனும் பெயர் போடாத பறையும்

வெள்ளகோவிலை அடுத்த ஓர் அருந்ததியர் குடியிருப்பில் சென்ற ஆண்டு சட்ட விழிப்புணர்வுக் கூட்டம் ஒன்று நடத்தினோம். கூட்டத்திற்கு வந்திருந்த ஓர் இளைஞர் கறுப்புப் பனியன் அணிந்திருந்தார். அதில் சிவந்த உதடுகளும் வெளியே நீட்டிய நாக்குமாக ஒரு படம். வார நாள்களில் திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. திருவிழாக் காலங்களில் தந்தையோடு சேர்ந்து பறையடிப்பு. அந்தப் படம் என்னவென்று கேட்டேன். "தெரியலைங்கண்ணா. காளியாத்தா நாக்கு மாதிரி இருந்துச்சு, அதான் எடுத்தேன்" என்றார்.

அவர் சொன்னது உண்மைக்கு மிக அருகில் இருந்தது. அந்த நாக்கு 'ரோலிங் ஸ்டோன்ஸ்' என்னும் ஆங்கிலேய ராக் இசைக்குழுவின் சின்னம். 1970-இல் லண்டனில் ஓவியக் கல்லூரி மாணவராக இருந்த ஜான் பாஷ் அதை வரைந்தார். குழுவின் பாடகர் மிக் ஜாகர் அவரிடம் மாதிரியாகக் காட்டியது, நாக்கை நீட்டி நிற்கும் காளியின் படம். பாஷுக்கு முதலில் கிடைத்த கூலி 50 பவுண்டு. பின்னர் 200 பவுண்டு கூடுதலாகத் தரப்பட்டது. 2008-இல் அந்த மூல ஓவியத்தை லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் 92,500 டாலருக்கு ஏலத்தில் வாங்கியது. இடைப்பட்ட காலத்தில் பாஷ் முறையான ஒப்பந்தம் செய்துகொண்டு, சின்னம் பதித்த பொருள்களின் விற்பனையில் பங்கு பெற்றார். 1980-களின் தொடக்கத்தில் தன் பதிப்புரிமையை 26,000 பவுண்டுக்குக் குழுவிடமே விற்றார். பீஸ் ரேட்டில் தொடங்கிய வேலைக்கு ஓர் எழுத்து ஒப்பந்தம் கிடைத்ததால் வந்த வேறுபாடு அது.

ராக் இசைக்குழுக்கள் குறித்த இத்தகைய துணுக்குச் செய்திகள் பொதுவாகப் பொழுதுபோக்காகவே படிக்கப்படுகின்றன. அவற்றைச் சற்றே கிளறினால் உழைப்பு, பெயர், கூலி ஆகிய மூன்றையும் பற்றிய வழக்குகள் வெளிப்படுகின்றன. அந்த வழக்குகள் வெள்ளகோவிலின் பறைக் கலைஞருக்கும் பொருந்துகின்றன. அவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு பெயரின் பயணம்

'ரோலிங் ஸ்டோன்ஸ்' என்ற பெயர் எங்கிருந்து வந்தது? 1962-இல் பிரையன் ஜோன்ஸ் தம் குழுவுக்காக ஒரு பத்திரிகையுடன் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். குழுவின் பெயரைக் கேட்டார்கள். தரையில் கிடந்த இசைத்தட்டு உறை ஒன்றில் 'ரோலின் ஸ்டோன்' என்ற பாடலின் பெயரைக் கண்டு அதையே சொல்லிவிட்டார் என்பது குழுவினர் தரும் விவரம். 1950-இல் வெளிவந்த அந்தப் பாடலைப் பாடியவர் மட்டி வாட்டர்ஸ்.

மட்டி வாட்டர்ஸின் இயற்பெயர் மெக்கின்லி மார்கன்ஃபீல்டு. அவர் மிசிசிப்பி மாநிலத்தின் ஒரு பருத்திப் பண்ணையில் வாரக் குடியானவராக உழைத்த கறுப்பினத்தவர். நிலம் பண்ணையாருடையது, விளைச்சலில் பங்கு என்று பெயருக்குச் சொல்லப்பட்டாலும், ஆண்டு இறுதியில் மிஞ்சுவது பெரும்பாலும் கடனே. நம் பண்ணையாள் முறையை அறிந்தவர்களுக்கு இதைக் கூடுதலாக விளக்க வேண்டியதில்லை. 1941-இல் நாட்டார் பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் அந்தப் பண்ணைக்கே சென்று அவர் பாடலைப் பதிவு செய்தார். 1943-இல் மட்டி வாட்டர்ஸ் பண்ணையை விட்டுச் சிகாகோவுக்குப் போனார். அங்கே அவர் மின்கித்தாரில் இசைத்த 'புளூஸ்' இசையே ராக் இசையின் வேர்களுள் ஒன்றானது.

1964 ஜூன் மாதம் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் சிகாகோவின் செஸ் இசைத்தட்டு நிறுவனத்தில் ஒலிப்பதிவு செய்யச் சென்றனர். அங்கே மட்டி வாட்டர்ஸ் கூரைக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்ததைத் தாம் கண்டதாகக் குழுவின் கித்தார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸ் பிற்காலத்தில் கூறினார். நிறுவனத்தார் அதை மறுத்தனர். எது உண்மையாயினும், அக்கதையைக் கேட்டவர்கள் எளிதில் நம்பினார்கள். இசையை ஆக்கியவர் ஏணிமேல் நிற்பதும், அதைக் கற்றவர் மேடைமேல் நிற்பதும் எவருக்கும் வியப்பாகத் தோன்றவில்லை.

அதே பாடலின் பெயர் 1967-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட 'ரோலிங் ஸ்டோன்' இதழுக்கும் வந்து சேர்ந்தது. அவ்விதழின் இந்தியப் பதிப்பு 2021 ஆகஸ்டில் வெளியிட்ட முகப்பில் 'என்ஜாய் எஞ்சாமி', 'நீயே ஒளி' ஆகிய பாடல்கள் சிறப்பிக்கப்பட்டன. 'என்ஜாய் எஞ்சாமி'யை எழுதி, உடன் பாடியவர் தெருக்குரல் அறிவு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்விலிருந்து அவர் எடுத்த பாடல் அது. ஆனால் முகப்பில் அவர் முகம் இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் உள்ளிட்டோர் வெளிப்படையாகக் கேள்வி எழுப்பினர். அதன் பின்னரே அறிவின் படத்துடன் மின்வடிவ முகப்பு ஒன்று வந்தது. பருத்திப் பண்ணைக் கூலி ஒருவரின் பாடலிலிருந்து தன் பெயரைப் பெற்ற இதழ், தேயிலைத் தோட்டக் கூலியின் பேரனை முகப்பில் வைக்க மறந்தது. இதைத் தற்செயல் என்று கடந்துவிட இயலாது.

பெயர் இருந்தால் கூலி உண்டு

வில்லி டிக்சன் சிகாகோவின் மற்றொரு கறுப்பினக் கலைஞர். செஸ் நிறுவனத்தின் பாடலாசிரியர். அவருடைய பாடல்கள் இரண்டின் கதையை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அவர் எழுதிய 'லிட்டில் ரெட் ரூஸ்டர்' பாடலை ரோலிங் ஸ்டோன்ஸ் 1964-இல் வெளியிட்டது. அது பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. எழுதியவர் டிக்சன் என்பது இசைத்தட்டில் அச்சிடப்பட்டிருந்தது. 'யூ நீட் லவ்' என்ற மற்றொரு பாடலை மட்டி வாட்டர்ஸ் 1962-இல் பாடினார். 1969-இல் 'லெட் செப்பலின்' குழு வெளியிட்ட புகழ்பெற்ற 'ஹோல் லாட்டா லவ்' பாடலில் அதன் சாயல் தெளிவாக இருந்தது. ஆனால் டிக்சனின் பெயர் இல்லை. அந்த ஒற்றுமையைச் சுட்டிக்காட்டியவர் டிக்சனின் மகள். 1985-இல் டிக்சன் வழக்குத் தொடுத்தார். 1987-இல் சமரசத்தில் முடிந்தது. பின்னாளைய பதிப்புகளில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. ஏமாற்றப்பட்ட புளூஸ் கலைஞர்கள் தம் உரிமைத்தொகையை மீட்க உதவும் அறக்கட்டளை ஒன்றையும் டிக்சன் நிறுவியிருந்தார்.

ஓர் இசைத்தட்டின் நடுவட்டத்தில் அச்சாகும் பெயர் வெறும் மரியாதைக் குறிப்பு அன்று. பணம் எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்பதைச் சொல்லும் முகவரி அது. பெயரை அழிப்பவர் கூலியையும் சேர்த்தே அழிக்கிறார்.

இதன் கொடிய வடிவம் தென்னாப்பிரிக்காவில் நிகழ்ந்தது. சாலமன் லிண்டா என்ற ஜூலு இனப் பாடகர் ஓர் இசைத்தட்டு நிறுவனத்தில் பொதிகட்டும் தொழிலாளி. திருப்பூர் மொழியில் சொன்னால் பேக்கிங் செக்ஷன் ஆள். 1939-இல் அவர் 'எம்பூபே' என்ற பாடலைப் பதிவு செய்தார். உரிமையை 10 ஷில்லிங்குக்கு விற்றார். அந்த மெட்டு 1961-இல் அமெரிக்காவில் 'தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்' என்று மாறி உலகைச் சுற்றியது. 1994-இல் டிஸ்னியின் 'தி லயன் கிங்' திரைப்படத்திலும் ஒலித்தது. லிண்டா 1962-இல் வறுமையில் இறந்தார்.

அவருடைய மகள்கள் 2004-இல் டிஸ்னி மீது வழக்குத் தொடுத்தபோது கைகொடுத்தது ஒரு பழைய சட்டம்: 1911-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் பேரரசுப் பதிப்புரிமைச் சட்டம். ஆசிரியர் தம் உரிமையை விற்றிருந்தாலும், அவர் இறந்து 25 ஆண்டுகள் கழிந்தபின் அது வாரிசுகளுக்கே திரும்பும் என்று அச்சட்டம் கூறியது. 2006-இல் சமரசம் ஏற்பட்டுக் குடும்பத்தினருக்கு இழப்பீடும் உரிமைத்தொகையும் கிடைத்தன. அதே பேரரசுச் சட்டமே, 1914-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக, நம் நாட்டிலும் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் வரும்வரை நடைமுறையில் இருந்தது.

பறை யாருடையது?

இனி நம் ஊருக்கு வருவோம். கொங்குப் பகுதியில் சாவுக்கும் சாமிக்கும் பறை வேண்டும். அடிப்பவர் கோயிலுக்கு வெளியே நிற்க வேண்டும் என்ற நிலை பல ஊர்களில் இன்றும் உண்டு. அதே தாளம் திரைப்படத்தில் 'குத்து' என்ற பெயரில் ஒலித்தால் எல்லாச் சாதியினரும் ஆடுகிறார்கள். மிசிசிப்பியின் இசை வெள்ளையரின் வானொலியில் நுழைய முடிந்தும், இசைத்தவர் வெள்ளையரின் உணவகத்தில் நுழைய முடியாதிருந்த காலத்தை இது நினைவூட்டுகிறது.

இந்த முரணுக்கு எதிராகத் தமிழில் எழுந்த முயற்சியே 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் டென்மாவும் இணைந்து உருவாக்கிய 19 பேர் கொண்ட குழு அது. 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலாக மேடையேறியது. சாதியற்ற அடையாளத்தை வலியுறுத்திய அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையிலிருந்து அதன் பெயர் வந்தது. மின்கித்தாரின் அருகே பறையும், ராப் பாடகரின் அருகே கானாப் பாடகரும் நின்றனர். ராக் இசை தன் வேரை மறைத்து வளர்ந்தது. இக்குழு வேரைப் பெயர்ப்பலகையிலேயே எழுதிக்கொண்டது.

ஆயினும் மேடை கிடைத்ததும் கணக்கு நேராகிவிடுவதில்லை. 2022 ஜூலையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமல் 'என்ஜாய் எஞ்சாமி' நிகழ்த்தப்பட்டபோது, பாடலின் ஆக்கத்தில் யாருக்கு என்ன பங்கு என்பது பொதுவிவாதமானது. ஒவ்வொரு தரப்பும் தன் விளக்கத்தை வெளியிட்டது. 2024 மார்ச்சில் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், அப்பாடலால் தங்களுக்கு ஒரு ரூபாயும் வந்து சேரவில்லை என்று அறிவித்தார். கோடிக்கணக்கானோர் கேட்ட பாடலுக்கே இதுதான் நிலை என்றால், கைப்பேசியில் யாரோ பதிவு செய்து எங்கோ விற்கும் ஊர்ப்புறத் தாளத்தின் நிலை என்ன?

சட்டம் தருவது என்ன?

கூட்டத்தில் அந்த இளைஞர் ஒன்றைக் கேட்டார். அவர்கள் குழு ஒரு திருவிழாவில் அடித்ததை எவரோ படமெடுத்து, விளம்பரம் ஒன்றின் பின்னணியில் சேர்த்துவிட்டார்களாம். "எங்க அடிங்கண்ணா அது. ஆனா பறை எல்லாருக்கும் பொதுதானே, என்ன கேக்க முடியும்?" அவருக்குச் சொன்ன விடையை இங்கே வரிசைப்படுத்துகிறேன்.

முதலாவது, வழிவழியாக வரும் அடவும் தாளமும் எவருடைய தனியுடைமையும் அல்ல. ஆனால் அன்று, அந்த மேடையில், அவர்கள் அடித்த அடி அவர்களுடையது. 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 38, 38அ பிரிவுகள் நிகழ்த்துநர் உரிமை என்று இதைக் காக்கின்றன. இவ்வுரிமை 50 ஆண்டுகள் நீடிக்கும். அனுமதியின்றிப் பதிவு செய்வதையும் பரப்புவதையும் கேள்வி கேட்கலாம்.

இரண்டாவது, நிகழ்த்தியவர் இன்னார் என்று அடையாளம் காட்டப்படும் உரிமையை 38ஆ பிரிவு தருகிறது. பெயர் போடுவது ஏற்பாட்டாளரின் பெருந்தன்மை அன்று.

மூன்றாவது, புதிதாகப் பாடல் எழுதினாலோ மெட்டமைத்தாலோ பதிப்புரிமை அந்த நொடியே பிறக்கிறது. பதிவு செய்வது சான்றுக்கு உதவும், கட்டாயமில்லை.

நான்காவது, 19-ஆம் பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்துடன் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு மட்டுமே. நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டுமே. வாய்ப்பேச்சில் 'எல்லாம் கொடுத்துவிட்டாய்' என்று எவரும் சொல்ல முடியாது.

ஐந்தாவது, 2012 திருத்தத்தின்படி, திரைப்படத்திலோ ஒலிப்பதிவிலோ இடம்பெறும் பாடலின் வரிக்கும் இசைக்கும் உரியவர், தம் உரிமைத்தொகைப் பங்கை நிறுவனத்துக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட்டாலும் அது செல்லாது. சாலமன் லிண்டாவின் 10 ஷில்லிங் ஒப்பந்தம் இங்கே இன்று எழுதப்பட்டால் அந்த அளவுக்கு வெற்றுத்தாளே.

ஆறாவது, 62-ஆம் பிரிவு வழக்குத் தொடுப்பவர் தாம் வசிக்கும் பகுதியின் மாவட்ட நீதிமன்றத்தையே நாட இடமளிக்கிறது. பட்டியல் சாதியினருக்கு, வருமான வரம்பின்றி, இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் உள்ளது.

இவை அனைத்துக்கும் முந்தைய உரிமை ஒன்று உண்டு: அடிக்க மறுக்கும் உரிமை. தீண்டாமையின் பெயரால் இழிவேலை செய்யுமாறு ஒருவரைக் கட்டாயப்படுத்துவது குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 7அ பிரிவின்படி குற்றம். கட்டாய உழைப்பு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழும் குற்றமாகும். சாவுக்குப் பறையடிக்க மறுத்ததற்காக ஒரு குடும்பத்தை ஊர் ஒதுக்கிவைத்தால், அது 'ஊர் வழக்கம்' என்ற போர்வைக்குள் ஒளிய முடியாது. விருப்பத்தோடு கலையாக அடிப்பதும், சாதிக் கடமையாக அடிக்க வைக்கப்படுவதும் வெவ்வேறானவை. முதலாவதற்குக் கூலியும் பெயரும் கேட்போம், இரண்டாவதை ஒழிப்போம்.

கல்லூரித் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் விழாவுக்குப் பறைக்குழுவை அழைக்கும்போது அழைப்பிதழில் 'பறையாட்டம்' என்று மட்டும் அச்சிடாதீர்கள். அடிப்பவர்களின் பெயர்களை அச்சிடுங்கள். ஒரு தாளில் தொகை, தேதி, பதிவு செய்யும் அனுமதி ஆகியவற்றை எழுதி இரு தரப்பும் கையொப்பமிடுங்கள். இணையத்தில் காணொளி ஏற்றினால் கீழே அந்தப் பெயர்களைச் சேருங்கள். டிக்சனின் குடும்பம் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் கழித்தும், லிண்டாவின் குடும்பம் அவர் இறந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்தும் நீதிமன்றம் ஏறிப் பெற்றதன் தொடக்கம், இப்படி ஒரு தாளாக இருந்திருக்கலாம்.

அந்த இளைஞருக்காக விளம்பரதாரருக்கு அறிவிப்பு அனுப்பியிருக்கிறோம். விடை இன்னும் வரவில்லை. அறிவிப்பின் முதல் பத்தியில் அன்று பறையடித்த எட்டுப் பேரின் பெயர்களையும் எழுதினோம். அதைப் படித்துப் பார்த்த அவர் தந்தை, தம் பெயர் அச்சில் வருவது வாக்காளர் பட்டியலுக்கும் குடும்ப அட்டைக்கும் அடுத்து இதுதான் முதல் முறை என்றார்.