கண்ணாடி பாடியில் விழுந்த மார்க்கர் கோடு

ரிமோட் கார் ஓட்டுபவர்கள் ‘பாடி’ என்று சொல்வது, காரின் மேல் கவிழ்த்து மாட்டும் மெல்லிய கூட்டைத்தான். கடையிலிருந்து வரும்போது அது நிறமில்லாமல் கண்ணாடிபோல் இருக்கும். பெயின்டை உட்புறமாக அடிக்க வேண்டும். கார் சுவரில் மோதினாலும் கவிழ்ந்து தரையில் தேய்ந்தாலும் கீறல் வெளிப் பிளாஸ்டிக்கில் விழும், நிறம் உள்ளே பத்திரமாக இருக்கும். தஞ்சாவூர் கண்ணாடி ஓவியம் தீட்டுகிறவர்களுக்கு இந்த முறை புதிதல்ல. கண்ணாடியின் பின்புறத்தில் கண், நகை போன்ற நுணுக்கங்களை முதலில் வரைந்து, பின்னணியைக் கடைசியில் பூசுவார்கள். முதலில் எது படிகிறதோ அதுதான் பார்ப்பவர் கண்ணுக்கு முன்னால் நிற்கும்.

எல்லை குறிக்க உட்புறம் போடும் மார்க்கர் கோடு பெரிய தொல்லையாவதும் இதனால்தான். மரத்திலோ தகரத்திலோ தப்பாகக் கோடு போட்டால் மேலே பெயின்ட் அடித்து மறைத்துவிடலாம். இங்கே பெயின்ட் கோட்டுக்குப் பின்னால் போய்விடுகிறது, கோடு முன்னால் நின்றுவிடுகிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. ஸ்ப்ரே பெயின்டில் இருக்கும் கரைப்பான் மார்க்கர் மையையும் கரைத்து இழுக்கும். என் முதல் பாடியில் கதவின் எல்லையை உட்புறம் கறுப்பு மார்க்கரால் போட்டுவிட்டு, ‘மறைந்துவிடும்’ என்று நம்பி மஞ்சள் அடித்தேன். கோடு அப்படியே இருந்தது. போதாக்குறைக்கு, அதன் இருபுறமும் ஊதா நிறம் கசிந்து மஞ்சளில் ஊறிவிட்டது. அன்றிலிருந்து, அழிக்க வேண்டியதைப் பெயின்டுக்கு முன்பே அழித்துவிடுகிறேன்.

அழிப்பதற்கு முன் பாடி எதனால் ஆனது என்று தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலும் பாலிகார்பனேட். ஜெர்மனியின் பேயர் நிறுவனத்திலும் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்கிலும் 1953-இல் தனித்தனியாக உருவாக்கப்பட்ட பிளாஸ்டிக் இது. லெக்ஸான் என்பது இதற்கு ஜெனரல் எலக்ட்ரிக் வைத்த வணிகப் பெயர். சி.டி. தட்டும், வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேன்கள் பலவும் இதே பொருள்தான். அடியைத் தாங்குவதில் இதற்கு இணை குறைவு, ஆனால் சில திரவங்கள் பட்டால் கெட்டுவிடும். முக்கியமாக அசிட்டோன். நகப்பூச்சு அழிக்கும் திரவங்கள் பலவற்றில் அது இருக்கிறது. பட்ட இடம் முதலில் பிசுபிசுக்கும், பிறகு பால்போல வெளுக்கும். அந்த வெண்மையை எதைக் கொண்டும் துடைத்தெடுக்க முடியாது, பிளாஸ்டிக்கே உள்ளுக்குள் மாறிவிட்டது. பெயின்ட் கடைத் தின்னரும் அப்படித்தான். பெட்ரோலையும் தொடாதீர்கள். அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானும் பாலிகார்பனேட்டுக்கு ஆகாது.

ஆகிவரும் திரவம் ஐசோப்ரோபைல் ஆல்கஹால். மொபைல் பழுதுபார்ப்பவர்கள் சர்க்யூட் போர்டைத் துடைக்க வைத்திருப்பார்களே, ‘ஐ.பி.ஏ.’ என்று, அதுவேதான். பெர்மனென்ட் மார்க்கரின் மை என்பது சாயமும் பிசினும் ஆல்கஹால் வகைக் கரைப்பானில் கரைந்த கலவை. கரைப்பான் ஆவியானதும் பிசின் சாயத்தைப் பிடித்துக்கொண்டு பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்கிறது. மறுபடி ஆல்கஹால் பட்டால் மை பழையபடி இளகிவிடும். பாலிகார்பனேட்டோ சிறிது நேரம் அதைத் தாங்கிக்கொள்ளும். இந்த வித்தியாசம்தான் நமக்கு வழிவிடுகிறது.

இருந்தாலும் முதல் துளியைப் பாடியில் வைக்க வேண்டாம். சக்கர வளைவையும் ஓரங்களையும் வெட்டும்போது விழும் துண்டுகளைக் குப்பையில் போடாமல் எடுத்து வையுங்கள். அதில் ஒரு கோடு கிழித்து, காயவிட்டு, கையில் இருக்கும் திரவத்தால் துடைத்துப் பாருங்கள். துண்டு தெளிவாகவே இருந்தால் பாடிக்குப் போகலாம்.

துடைப்பதில் ஒரு பக்குவம் இருக்கிறது. திரவத்தை ஊற்றக் கூடாது. காது குடையும் பட்ஸின் நுனியை நனைத்து, கோட்டின் மேல் வைத்து ஒரே திசையில் இழுங்கள். ஒரு இழுப்புக்குப் பிறகு பஞ்சைத் திருப்புங்கள், சாயம் ஏறியதும் புது பட்ஸ் எடுங்கள். இந்தப் பொறுமை இல்லாமல் ஒரே பஞ்சால் வட்டமாகத் தேய்த்தால் கோடு போய் ஊதா மேகம் வந்துவிடும். அகலமான கறைக்குப் பழைய மென்மையான பனியன் துணி நல்லது. கறையின் விளிம்பிலிருந்து நடுவை நோக்கித் துடைத்து வாருங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். விளக்கு, ஊதுபத்தி எதுவும் பக்கத்தில் எரியக் கூடாது, இது சட்டென்று தீப்பற்றும் திரவம்.

ஐ.பி.ஏ. கைவசம் இல்லையென்றால் பள்ளி ஆசிரியர்களின் உத்தி ஒன்று இருக்கிறது. வெள்ளைப் பலகையில் தெரியாமல் பெர்மனென்ட் மார்க்கரால் எழுதிவிட்டால், அதன் மேலேயே ஒயிட்போர்டு மார்க்கரால் எழுதி, ஈரம் காய்வதற்குள் துடைத்துவிடுவார்கள். புது மையின் கரைப்பான் பழைய மையை இளக்கும், அதிலுள்ள வழுக்கும் பொருள் இரண்டையும் ஒட்டவிடாமல் எடுக்கும். பாடியிலும் இது நடக்கும். ஒரு விரல்நீளம் மட்டும் எழுதித் துடைத்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போங்கள். ஆனால் அந்த வழுக்கும் பொருள் மேற்பரப்பிலேயே தங்கும், அதன் மேல் பெயின்ட் பிடிக்காது. கைக்கு இடும் சானிடைசரும் அவசரத்துக்கு உதவும், அதன் கிளிசரினும் அப்படியே தங்கும்.

ஆகவே எதைக் கொண்டு அழித்தாலும் கடைசியில் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்டு உட்புறம் முழுவதையும் கழுவுங்கள். ஸ்க்ரப்பர் வேண்டாம், விரலே போதும். ஜன்னல் பகுதியில் ஒரு கீறல் விழுந்தாலும் காலத்துக்கும் தெரியும். கழுவியபின் உள்ளே கைபடக் கூடாது, விரல் எண்ணெய் பட்ட இடத்தில்தான் பெயின்ட் முதலில் உரியும். பெயின்ட் நன்றாகப் பிடிக்க உட்புறத்தை மெல்லத் தேய்த்துச் சொரசொரப்பாக்குகிற வழக்கம் சிலருக்கு உண்டு. அதைக் கோடுகளை அழித்த பிறகே செய்யுங்கள். கீறலுக்குள் இறங்கிய மையை வெளியே எடுப்பது மிகக் கடினம்.

உள்ளே பெயின்ட் அடித்து முடித்தபின் வெளிப்புறத்தில் மார்க்கர் பிசகினாலும் இதே முறைதான். ஆன்டெனா துளை, ஓரம் வழியாக மட்டும் ஆல்கஹால் உள்ளே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் பெயின்டை அது நொடியில் உரித்துவிடும்.

பிழை நேராமலிருக்க எளிய வழி, உட்புறத்தில் கோடே போடாமலிருப்பது. பல பாடிகளின் வெளிப்புறத்தில் ஒரு மெல்லிய காப்புத்தாள் ஒட்டி வரும். வரைய வேண்டியதையெல்லாம் அதன் மேல் வரையுங்கள், பாடி கண்ணாடிபோல் இருப்பதால் உள்ளிருந்து மாஸ்கிங் டேப் ஒட்டும்போது கோடு நன்றாகத் தெரியும். பெயின்ட் காய்ந்ததும் தாளை உரித்தால் கோடும் கூடவே போய்விடும். தாள் இல்லாத பாடிக்கு, தண்ணீரில் அழியும் ஓ.எச்.பி. பேனாவால் வெளிப்புறமே வரையலாம்.

எல்லாம் செய்தும் ஒரு நிழல் மிச்சமிருந்தால், பாடியை டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்து அது எந்த இடம் என்று பாருங்கள். வெள்ளை, மஞ்சள், ஃப்ளோரசன்ட் நிறங்கள் அந்த நிழலைக் காட்டிக்கொடுக்கும். அங்கே ஒரு கறுப்புப் பட்டையோ கதவின் பிளவுக்கோடோ வருகிறமாதிரி வடிவத்தைக் கொஞ்சம் நகர்த்தி, அந்தக் கறுப்பை முதலில் அடியுங்கள்.