எஞ்சின் கணினி இசைவாக்கம்

எஞ்சின் கணினி இசைவாக்கம் என்பது, மகிழுந்தின் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியில் உள்ள எரிபொருள், தீப்பற்றல் அட்டவணைகளை, எஞ்சினில் செய்த மாற்றங்களுக்கு ஏற்பத் திருத்தும் பணியாகும். பேச்சு வழக்கில் இது டியூனிங் எனப்படுகிறது. டர்போ, பெரிய இன்ஜெக்டர் போன்றவற்றைப் பொருத்திவிட்டு இப்பணியைச் செய்யாமல் ஓட்டினால் எஞ்சினே சிதையக்கூடும்.

கணினியின் வேலை

பெட்ரோல் முழுமையாக எரிய, அதன் எடையைப் போல ஏறத்தாழ 14.7 மடங்கு காற்று தேவை. இந்த விகிதம் லாம்டா 1 எனப்படும். லாம்டா 1-க்குக் கீழே சென்றால் கலவையில் பெட்ரோல் மிகுதி. மேலே சென்றால் பெட்ரோல் குறைவு. சாதாரண ஓட்டத்தில் லாம்டா 1 ஏற்றது. முழுச் சுமையில் இயங்கும் டர்போ எஞ்சினுக்கு 0.8 அளவில் வைப்பது வழக்கம். அந்த மிகுதிப் பெட்ரோல் எரிகலனின் வெப்பத்தைத் தணிக்கிறது.

உள்ளே வரும் காற்றின் நிறையைக் கணித்து, இன்ஜெக்டர் எத்தனை மில்லி நொடி திறந்திருக்க வேண்டும் என்பதைக் கணினி முடிவு செய்கிறது. நிமிடத்துக்கு 6000 சுற்றில் ஒரு முழுச் சுழற்சிக்குக் கிடைப்பது 20 மில்லி நொடி மட்டுமே.

பிஸ்டன் மேல் எல்லையை அடைவதற்குச் சற்று முன் தீப்பொறி விழ வேண்டும். மிக முன்னதாக விழுந்தால், எரியாத கலவை தானாகவே வெடித்து நாக்கிங் ஏற்படும். பிஸ்டன் உடைய இதுவே முதன்மைக் காரணம். மிகத் தாமதமாக விழுந்தால் திறன் குறைந்து, புகைபோக்கியின் வெப்பம் ஏறும்.

எடுத்துக்காட்டு: மஸ்டா எம்எக்ஸ்-5

1989-இல் வெளிவந்த மஸ்டா எம்எக்ஸ்-5, டர்போ பொருத்துவோர் பலர் விரும்பும் வண்டி. அதன் 1.6 லிட்டர் எஞ்சின், வரும் காற்றை ஒரு மடல் எவ்வளவு திறக்கிறது என்பதைக் கொண்டு அளக்கிறது. டர்போ பொருத்தியபின் அந்த மடல் விரைவில் முழுதும் திறந்துவிடும். அதற்கு மேல் வரும் காற்று கணினிக்குத் தெரியாது. பெட்ரோல் பற்றாமல் போகும். இதை ஈடுகட்ட, டர்போ அழுத்தம் ஏறும்போது எரிபொருள் அழுத்தத்தையும் ஏற்றும் சீராக்கியை முன்பு பொருத்தினர். அது பெட்ரோலை மட்டுமே கூட்டியது. தீப்பற்றல் நேரத்தைக் குறைக்க வேறொரு கருவி தேவைப்பட்டது.

கணினியைத் தேர்தல்

மூன்று வழிகள் உள்ளன.

1. மறுபதிவு: வண்டியின் சொந்தக் கணினியில் புதிய அட்டவணைகளை எழுதுதல். குளிர் தொடக்கம், வெற்றோட்டம் ஆகியவற்றுக்கான தொழிற்சாலை அமைப்புகள் அப்படியே கிடைக்கும். எல்லாக் கணினிகளும் இதற்கு இடம் தருவதில்லை.

2. துணைக் கணினி: உணரிகளின் சமிக்ஞையை இடையில் மாற்றி, மூலக் கணினியை ஏமாற்றுவது. மலிவானது, ஆனால் மூலக் கணினி தன்னைத் திருத்திக்கொள்ளும்போது முரண்படும்.

3. தனித்தியங்கும் கணினி: மூலக் கணினியை நீக்கி முழுப் பொறுப்பையும் ஏற்பது. ஆஸ்திரேலியாவின் ஹால்டெக், மோடெக் ஆகியவை இத்துறையில் அறியப்பட்டவை. புரூஸ் பவுலிங், ஆல் கிரிப்போ ஆகியோர் உருவாக்கிய மெகாஸ்குவர்ட், பயனரே பற்றவைத்துக் கட்டும் தொகுப்பாகப் பரவியது.

விலையை விட முக்கியமானவை சில உண்டு: கிராங்க், கேம் உணரிகளோடு அது பொருந்துமா, நாக்கிங் உணரிக்கு இடம் உண்டா, கையேடு தெளிவாக உள்ளதா என்பன. அருகிலுள்ள டியூனருக்குப் பழக்கமான மென்பொருளே பெரும்பாலும் சிறந்த தேர்வு.

இன்ஜெக்டர் கணக்கு

200 குதிரைத்திறன் என்பது ஏறத்தாழ 149 கிலோவாட். டர்போ எஞ்சின் ஒரு கிலோவாட்-மணிக்கு 335 கிராம் பெட்ரோல் செலவிடும் எனக் கொண்டால், மணிக்கு 50 கிலோ தேவை. நான்கு இன்ஜெக்டர்களில் ஒவ்வொன்றும் நிமிடத்துக்குச் சுமார் 280 கன செ.மீ. பாய்ச்ச வேண்டும். 85 விழுக்காட்டுக்கு மேல் திறந்து வைக்கலாகாது என்பதால், 330 கன செ.மீ. இன்ஜெக்டர் ஏற்றது.

மின்சாரம் வந்த பின் இன்ஜெக்டர் திறக்க எடுக்கும் தாமதத்தையும் கணினியில் பதிய வேண்டும். இது பிழையானால் வெற்றோட்டம் தடுமாறும்.

கற்கும் முறை

- முதலில் இயந்திர நிலையைச் சரிபார்க்க வேண்டும்: அமுக்கம், ஸ்பார்க் பிளக், காற்றுக் கசிவு. பழுதான எஞ்சினை அட்டவணையால் சீராக்க முடியாது.
- கணினி காட்டும் தீப்பற்றல் கோணமும் டைமிங் விளக்கில் தெரியும் கோணமும் ஒன்றாக இருக்க வேண்டும். இங்கு பிழை இருந்தால் பின்வரும் எல்லாமே பிழை.
- அகலப்பட்டை ஆக்சிஜன் உணரி இன்றியமையாதது. குறும்பட்டை உணரி, லாம்டா 1-க்கு மேலா கீழா என்பதை மட்டுமே நம்பகமாகச் சொல்லும்.
- டர்போ இல்லாத எஞ்சினில் பழகுவது நல்லது. குறைந்த சுமையில் தொடங்கி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒவ்வோர் ஓட்டத்தின் பதிவையும் படிக்க வேண்டும்.
- எரிபொருள் அட்டவணை சீரான பிறகே தீப்பற்றலைத் தொட வேண்டும். டைனமோமீட்டரில் ஒவ்வொரு பாகையாக முன்னேற்றும்போது, முறுக்குவிசை கூடுவது நின்றதும் நிறுத்த வேண்டும். அதற்கு முன் நாக்கிங் தென்பட்டால் சில பாகை பின்வாங்க வேண்டும்.

முழுச் சுமை இசைவாக்கத்தைப் பொதுச் சாலையில் செய்வது ஆபத்தானது. ஒருவரே வண்டியையும் கணினித் திரையையும் கவனிக்க முடியாது.

சட்டம்

அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம், மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகளைச் செயலிழக்கச் செய்வதைத் தடை செய்கிறது. கலிபோர்னியாவில் இத்தகைய பாகங்களுக்குக் காற்று வள வாரியத்தின் விலக்கு எண் தேவை. எனவே சாலையில் ஓடும் வண்டியை மாற்றுமுன் அந்தந்த இடத்தின் விதிகளை அறிந்துகொள்வது அவசியம்.